மூணு பஸ்ஸை விட்டவன்



நான் ஒரு வங்கியில் 22 வருஷமாகக் காசாளர். "வேலையில சலிப்புங்கிறது சோம்பேறிங்க சொல்ற சாக்கு"ன்னு எதிரணி நண்பர் சொன்னார். ஐயா, 2023-ல ஒரு திங்கட்கிழமை, டிபன் பாக்ஸோட பஸ் ஸ்டாப்புல நின்னேன். மூணு பஸ் வந்தது. மூணையும் விட்டேன். கால் ஏறலை. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினவன்தாங்க நான்!

வீட்டுக்குத் திரும்பினேன். என் மனைவி "ஏன் வந்தீங்க?"ன்னு கேட்கலை. அந்த டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிடுங்க"ன்னா. அப்பத்தான் அழுதேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையால் வரும் பாதிப்பு என்று பட்டியலில் சேர்த்தது. அடையாளம் மூன்று: தீராத அசதி, வேலை மீது வெறுப்பு, திறமை குறைந்துபோவது. மூணும் எனக்கு இருந்தது.

டாக்டர் சொல்லி ஆறு வாரம் லீவு போட்டேன். ஆனா லீவு பாதி மருந்துதாங்க. திரும்பிப் போனதும் மேலாளர்கிட்ட சொன்னேன்: "சார், ரெண்டு கவுண்டரை ஒருத்தன் பார்க்க முடியாது." 22 வருஷத்துல நான் சொன்ன முதல் 'முடியாது' அது! (கைதட்டல்) இன்னொருத்தரைப் போட்டாங்க. இன்னிக்கு முதல் பஸ்லயே ஏறுறேன்.

மனசு பாரமா இருந்தா 14416-க்குப் பேசுங்க. அரசாங்கத்தோட இலவச உதவி, தமிழ்லயே பேசலாம்.

வண்டி மாடு படுத்துட்டா, நல்ல வண்டிக்காரன் சாட்டையை எடுக்க மாட்டான், பாரத்தை இறக்குவான். மாட்டுக்குக் காட்டுற அந்த நியாயத்தை, நம்ம வீட்டு மனுஷனுக்கும் காட்டுங்க!