நூலுக்குக் குளிர்ச்சி, நூற்பவனுக்குப் புழுக்கமா?

(பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கட்டிட விதிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும். கூலி உயர்வைப் பற்றிப் பேசலாம், போனசைப் பற்றிப் பேசலாம். வீடு கட்டுவது இஞ்சினீயர் விவகாரம், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது மாளிகைவாசிகளின் கவலை. இதில் நமக்கென்ன வேலை? இந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

முதலில் ஆலைக்குள்ளேயே பார்ப்போம். ரிங் பிரேம் ஓடும் இடத்தில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் என்று கணக்காக வைத்திருக்கிறார்கள். ஏன்? காற்று காய்ந்தால் நூல் அறும். நூல் அறுந்தால் உற்பத்தி குறையும். உற்பத்தி குறைந்தால் லாபம் குறையும். ஆகவே லட்சக்கணக்கில் செலவு செய்து ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் போட்டு, நூலுக்கு ஏற்ற காற்றை இரவும் பகலும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். நல்லது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த நூலை நூற்றவன் ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்குப் போகிறான். மேலே சிமெண்ட் அட்டை, பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல், அதற்கு எதிரே சுவர். இரவு ஷிப்ட் பார்த்தவன் பகலில் தூங்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்த அட்டையின் கீழ் எவன் தூங்க முடியும்? தூக்கம் கெட்ட கண்ணோடு மறுநாள் மிஷின் முன்னால் நிற்கிறவன் விரலைப் பறிகொடுத்தால், அது அவனுடைய கவனக்குறைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

காட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளின் கதியும் இதுதான். நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறார்கள். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, இரவெல்லாம் அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் ஆள்கொல்லி என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால் கூரை என்பது அழகு விஷயமல்ல, உயிர் விஷயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்த ஏற்பாடு. வீட்டில் இரண்டு பழைய விசிறி. ஒவ்வொன்றும் 75 வாட். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 2.4 யூனிட். அறுபது நாளைக்கு 144 யூனிட். விளக்கு, மிக்சி, டெலிவிஷன் எதையும் சேர்க்காமல், விசிறி மட்டுமே இலவசத்தைத் தின்று தீர்த்து, மேலும் 44 யூனிட்டைக் கேட்கிறது. 30 வாட்டில் ஓடும் விசிறி இப்போது கடைகளில் இருக்கிறது. அதே நேரம் ஓடினால் 58 யூனிட்டோடு முடிந்துவிடும். ஆனால் விலை அதிகம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பொருளை வாங்க முதலில் கையில் காசு வேண்டும். காசில்லாதவன் அதிகம் செலவழிக்கிறான். இதுதான் இந்தச் சமுதாயத்தின் கணக்கு!

விதி யாருக்கு?

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய சர்க்கார் 2007-லேயே எரிசக்தி சேமிப்புக் கட்டிட விதித்தொகுப்பு கொண்டுவந்தது, 2017-ல் திருத்தியது. அது எந்தக் கட்டிடத்துக்கு? மின் இணைப்புச் சுமை 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பெரிய வணிகக் கட்டிடங்களுக்கு. நம் வீட்டுச் சுமை இரண்டு கிலோவாட் என்று வைத்தாலும், ஐம்பது வீடு சேர்ந்தால்தான் அந்த வாசற்படியை எட்டும். பிறகு 2018-ல் குடியிருப்புகளுக்கென்று ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற தொகுப்பு வந்தது. அப்போது அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு என்றார்கள். அதாவது பன்னிரண்டு சென்டுக்கு மேல். இந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு சென்ட் மனை உள்ளவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்!

அந்தத் தொகுப்புகளில் உள்ள விஞ்ஞானம் தவறல்ல. கூரை வழியே எவ்வளவு வெப்பம் இறங்கலாம், ஜன்னல் எவ்வளவு இருக்க வேண்டும், காற்று எப்படிக் குறுக்கே ஓட வேண்டும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நம் கோவை ஜில்லாவில் எதிரெதிரே இரண்டு ஜன்னல் வைத்தாலே பாதிப் புழுக்கம் போகும். மருந்து இருக்கிறது. நோயாளியின் வீட்டுக்கு மட்டும் அது வரவில்லை.

1948-ம் வருஷத்துப் பாக்டரி சட்டத்தின் 13-வது பிரிவை நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலையின் சுவரும் கூரையும் உள்ளே சூடு ஏறாதபடி அமைய வேண்டும் என்று அது சொன்னது. மிதமிஞ்சிய சூட்டைக் குறைக்கத் தக்க ஏற்பாடுகளைச் செய் என்று ஆணையிடும் அதிகாரத்தைத் தலைமை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. அது தனிக் கதை. எழுபது வருஷத்துக்கு மேலாக ஏட்டில் இருந்த நியாயத்தைத்தான் நான் சுட்டிக்காட்டுகிறேன். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தின் கூரைக்குச் சட்டம் உண்டு. மிச்சம் பதினாறு மணி நேரம் வாழும் கூரைக்குச் சட்டம் எங்கே?

‘ஜன அபிப்பிராயம்’ என்பது எது?

நம் கோவைக்கு ஒரு முழுமைத் திட்டம் உண்டு. எங்கே ஆலை, எங்கே வீடு, எங்கே வயல், எங்கே ரோடு என்று வகுப்பது அது. 1994-ல் ஒப்புதல் பெற்ற பழைய திட்டமே முப்பது வருஷம் ஓடியது. 2041 வரைக்குமான புதிய திட்டத்தின் வரைவு 2024-ல் ஜனங்களின் கருத்துக்கு வைக்கப்பட்டது. 2025-ல் திட்டம் வெளியாயிற்று. பெரியநாயக்கன்பாளையமும் சுற்று வட்டாரமும் அதற்குள்தான் அடக்கம். 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி, இப்படிப்பட்ட வரைவுக்கு எவரும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும்.

உரிமை இருக்கிறது. ஆனால் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வரைவைக் கண்ணால் பார்த்தோம்? மனை வியாபாரி பார்த்திருப்பான். தன் நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பச்சை நிறத்தை மஞ்சளாக்கினால் சென்ட் விலை எவ்வளவு ஏறும் என்றும் தெரியும். ஷிப்டுக்குப் போகிறவனும் களை பறிக்கப் போகிறவளும் அலுவலக நேரத்தில் போய் வரைபடம் பார்க்க முடியுமா? பார்த்தாலும் புரியும்படி யார் விளக்கினார்கள்? நோட்டீஸ் ஒட்டியதாலேயே ஜன அபிப்பிராயம் கேட்டாகிவிட்டது என்று சொல்ல முடியாது. யாருடைய வாழ்வு அந்தத் திட்டத்தால் மாறுகிறதோ, அவர்கள் வாய் திறந்து பேசினால்தான் அது ஜன அபிப்பிராயம்.

தடாகம் தந்த பாடம்

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நமக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். சின்னத் தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, பன்னிமடை, சோமையம்பாளையம் பஞ்சாயத்துகளில் நூற்றுக்கு மேற்பட்ட செங்கல் சூளைகள் வளர்ந்தன. கோவையின் மாடிகளெல்லாம் அந்தச் செம்மண்ணில் எழுந்தவை. மண்ணைத் தோண்டத் தோண்டப் பள்ளங்கள் ஆழமாயின, ஓடைகள் சிதைந்தன, யானை வரும் வழியும் மறிக்கப்பட்டது. ஊர் ஜனங்கள் மனு மேல் மனுப் போட்டார்கள், கோர்ட்டு வரை போனார்கள். கடைசியில் 2021-ல் உரிமம் இல்லாத சூளைகள் மூடப்பட்டன.

மூடியது சரியா தவறா? மண்ணையும் தண்ணீரையும் அழித்து எந்தத் தொழிலும் நிலைக்காது, ஆகவே சரி. ஆனால் அங்கே கல் அறுத்தவனும், மண் சுமந்த பெண்ணும், லாரியில் ஏற்றி இறக்கியவனும் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு மாற்று வேலை என்ன என்பதை எந்தத் திட்டமும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. லாபம் எடுத்தவன் வேறு தொழிலுக்குப் போய்விட்டான். பழியும் பட்டினியும் தொழிலாளிக்கு. ‘சுற்றுச்சூழல் என்றால் நம் வேலைக்கு உலை வைப்பது’ என்று சில தோழர்கள் நினைப்பதற்கு இதுதான் காரணம். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, திட்டமே வேண்டாம் என்பதல்ல. திட்டம் போடும்போதே தொழிலாளி அங்கே இருக்க வேண்டும் என்பதுதான்.

செய்ய முடியுமா? முடியும்!

நம் முன்னோர் குளிர்ந்த வீட்டை அறியாதவர்களா? கொங்கு நாட்டு வில்லை வீட்டில் கனத்த மண் சுவர், மேலே இரட்டை வரிசை ஓடு, முன்னால் திண்ணை, நடுவே தொட்டிக்கட்டு. ஆனால் அதையும் முழுதாகப் புகழ்ந்துவிட வேண்டாம். தொட்டிக்கட்டு பண்ணையாருக்கு, பண்ணையத்து ஆளுக்கு ஓலைச் சாளைதான். பழைய அறிவை எடுத்துக்கொள்வோம், பழைய ஏற்றத்தாழ்வை அல்ல.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1972-ல் வீட்டுவசதி மந்திரி எம். என். கோவிந்தன் நாயர் ‘லட்சம் வீடு’ திட்டத்தைத் தொடங்கினார். பிறகு 1985-ல் முன்னாள் முதல் மந்திரி அச்சுத மேனன், கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முதலானோர் சேர்ந்து ‘காஸ்ட்போர்டு’ என்ற அமைப்பை நிறுவினார்கள். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார்கள். சுமார் கால் பங்கு செங்கல் மிச்சம். சுவருக்குள் நிற்கும் காற்றே வெயிலைத் தடுக்கும். கான்கிரீட் கூரையில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார்கள். பணக்காரனின் ‘பசுமைக் கட்டிட’ப் பட்டயத்துக்காக அல்ல, ஏழையின் செலவைக் குறைக்க!

தூர தேசம் ஒன்றையும் சொல்கிறேன். ஆஸ்திரியாவின் வியன்னா நகரசபை 1923-ல் வீட்டு வரி ஒன்றைப் போட்டது. சிறு வீட்டுக்குச் சொற்ப வரி, மாளிகைக்குப் பெரும் வரி. அந்தப் பணத்தில் 1934-க்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொழிலாளிக்கும் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று முற்றம் விட்டுக் கட்டினார்கள்.

நம் மாநிலத்தில் 2011-ல் ‘பசுமை வீடுகள்’ திட்டம் வந்தது. 300 சதுர அடி, ஐந்து சூரிய ஒளி விளக்கு. விளக்கு சூரியனால் எரிந்தது. கான்கிரீட் கூரையும் சூரியனால் எரிந்தது! 2024-ல் ‘கலைஞரின் கனவு இல்லம்’ வந்தது. 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. குடிசை ஒழிந்து கல் வீடு வருவதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கூரையின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கவும், அல்லது குறைந்தபட்சம் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசவும், திட்டத்துக்குள்ளேயே பணம் ஒதுக்குங்கள் என்கிறோம். தெலுங்கானாவில் 2023-ல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நம் கோரிக்கைகள்

ஒன்று: வீட்டு, நகர், கட்டிட விதி எதுவானாலும் அதன் வரைவு எளிய தமிழில் வர வேண்டும். ஆலை வாசலிலும் ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் வைக்க வேண்டும். விளக்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமையோ, ஷிப்ட் முடிந்த பிறகோ நடக்க வேண்டும்.

இரண்டு: சர்க்கார் பணத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் வெயில் தாங்கும் கூரையும் எதிரெதிர் ஜன்னலும் கட்டாயம். கூடுதல் செலவு பயனாளியின் தலையில் விழக்கூடாது.

மூன்று: லைன் வீடு கட்டி வாடகை வாங்குவோருக்கு அட்டைக் கூரையின் கீழ் தடுப்பும், காற்றுப் போக்கும் விதியாக வேண்டும். அதைச் சாக்கிட்டு வாடகையை ஏற்றவோ, குடியிருப்பவரை வெளியேற்றவோ கூடாது.

நான்கு: இந்த வேலைகளில் உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், சூளை மூடியதால் வேலை இழந்தவர்களுக்கும் முதலிடம் தர வேண்டும். சுண்ணாம்பு வேலையும் தட்டோடு பதிப்பதும் மனிதக் கை கேட்கும் வேலைகள். இதில் பிழைப்பு உண்டு.

தோழர்களே! இவை வானத்திலிருந்து விழப்போவதில்லை. மே தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றிவிட்டு நேராக அங்கே போவோம். இந்த நான்கையும் தீர்மானமாகக் கொண்டுவருவோம். பதிவேட்டில் ஏற்றும் வரை எழுந்திருக்க வேண்டாம். பேரூராட்சியில் இருப்பவர்கள் கையெழுத்துத் திரட்டி மனுவாகக் கொடுங்கள். பெண்கள் முன்னால் நிற்க வேண்டும். அடுப்புச் சூடும் கூரைச் சூடும் சேர்ந்து வாட்டுவது அவர்களைத்தான்.

ஆலையும் மாளிகையும் நம் கையால் எழுந்தவை. எந்தச் சுவர் எவ்வளவு சூடாகும் என்று எந்த நிபுணரையும் விட நமக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்குத்தான் ஜன அபிப்பிராயம் என்று பெயர். அதைக் கேட்க அவர்கள் வராவிட்டால், சொல்ல நாம் போவோம்!