பூங்குன்றனார் கண்ட ஆறும் தெப்பமும்

புறநானூற்றின் 192ஆம் பாடலைப் பாடியவர் கணியன் பூங்குன்றனார். கணியன் என்றால் நாள், கோள் கணிப்பவர். சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி இவரது ஊர் என்பர். எல்லா ஊரும் நம் ஊர், எல்லாரும் உறவினர் என்னும் முதலடி ஊரறிந்தது. ஆனால் பாடலின் உயிர் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

நன்மையும் தீமையும் பிறர் தருவதல்ல; சாவும் புதிதல்ல. வாழ்வு இனியதென்று துள்ளுவதுமில்லை, வெறுத்துத் துன்பமென்று ஒதுக்குவதுமில்லை. மின்னலோடு பெய்த மழையால் பெருகி, பாறையில் மோதி இரைந்தோடும் பேராறு. அதன் போக்கில் செல்லும் தெப்பம். உயிரும் அப்படித்தான் முறைவழிச் செல்கிறது. இதைத் தெளிந்தவர் பெரியோரைக் கண்டு வியப்பதில்லை. சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. வியத்தலைவிட இகழ்தலை அழுத்தமாக விலக்கிய அந்த ஒரு சொல்லில்தான் புலவரின் பெருமை தெரிகிறது. மன்னரைப் புகழ்ந்து பரிசில் பெற்ற பாடல்கள் நிறைந்த நூலில் இப்படி ஒரு குரல்!

நற்றிணையின் 226ஆம் பாடலும் இவருடையதாகவே கருதப்படுகிறது. மருந்துக்காகக்கூட மரத்தைச் சாகவிடமாட்டார்கள் மக்கள் என்கிறது அது. புறநானூற்றுப் பாடலின் நீளம் 13 அடிகள். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார்.