கோடையில் ஊர் பார்க்கப் போவோமா?

(கூட்டமைப்பின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது பேசப் போவது சுற்றுலா. "இதைப் போய் கூட்டத்துல பேசணுமா?" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. பேசத்தான் வேண்டும். சென்ற மே மாதம் நம் இரண்டு குழுக்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, மணப்பாறையிலிருந்து காரைக்குடி வரை சின்னச் சின்ன ஊர்களாகப் பார்த்து வந்தோம். அதைக் கேட்டு இப்போது இன்னும் ஐந்து குழுக்கள் "எங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று மனு கொடுத்திருக்கின்றன. மே மாதம் போக வேண்டுமென்றால் இன்றைக்கே திட்டம் போட வேண்டும். ஏன் என்று சொல்கிறோம்.

போன வருஷம் முதல் கூட்டத்தில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம். இதுவரை எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்று. ஒரு அக்கா சொன்னார்: "பொறந்த ஊரு, வாக்கப்பட்ட ஊரு, அப்புறம் திருச்சி பெரியாஸ்பத்திரி." எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்தடுத்து சொன்னவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி. சும்மா ஒரு ஊரைப் பார்க்க வேண்டும் என்று போனவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

முதலில் பணம். இதில் நாம் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டிருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் நம் குழு ஒன்று அவசரமாகப் புறப்பட்டு, குழுச் சேமிப்பிலிருந்து 6,000 ரூபாயை எடுத்துச் செலவு செய்தது. "வந்து கட்டிடலாம்" என்பதுதான் பேச்சு. திரும்பி வந்த அந்த வாரமே ஒரு உறுப்பினரின் பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் காசில்லை. அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார். அந்த வருத்தத்தில் குழு உடையும் நிலைக்கு வந்தது. ஆகவே சுற்றுலாவுக்குச் சேமிப்புப் பணத்தைத் தொடுவதில்லை, உள்கடனும் கொடுப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தனி நோட்டு, தனி உண்டியல். ஆளுக்கு வாரம் 60 ரூபாய். டிசம்பர் நடுவில் தொடங்கி மே முதல் வாரம் வரை 20 வாரம், ஆளுக்கு 1,200. உறுப்பினர் 16 பேர், களப்பணியாளர் நாங்கள் 2 பேர், ஆக 18 பேருக்கு 21,600 ரூபாய். நாங்களும் எங்கள் பங்கைக் கட்டினோம்.

செலவு இப்படிப் போனது. வேனுக்கு இரண்டு நாளும் டீசல், டிரைவர் பேட்டா சேர்த்து 13,000. இரவு தங்க ஒரு சின்ன மண்டபத்தின் மாடி 3,000. சாப்பாடு 3,600. நுழைவுக் கட்டணங்களுக்கு 1,000. கைக்காவலுக்கு 1,000. உங்கள் பக்கம் வேன் வாடகை கூடக்குறைய இருக்கும். மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

வேன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிதான். சீட் எத்தனையோ அத்தனை பேர்தான். "லோடு வண்டி இருக்கு, பாதிக் காசுல வந்துடலாம்" என்று யாராவது வருவார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு. டிரைவர் ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும், அவருக்குத் தனி இடம் கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓடக் கூடாது.

அடுத்து வழி. பெரிய ஊர்களுக்கு ஓடிக் கூட்டத்தில் நசுங்குவதைவிட, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர்கள் மேல் என்பது எங்கள் எண்ணம். கத்திரி வெயிலில் அலைச்சலும் குறைவு. புதன், வியாழன் என்று கிழமை வைத்தோம். ஞாயிறு என்றால் கூட்டம், வாடகையும் ஏறும். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள், பட்டறையில் எந்த நாள் வேலை நடக்கும் என்பதையெல்லாம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டோம்.

விடிகாலை 4.30-க்குப் புறப்பட்டால் விடியும்போது விராலிமலை. படியேறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்குகிற நேரம் மயில்கள் கத்திக்கொண்டிருந்தன. அங்கே முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் உண்டு. அதைக் கேட்டு ஒரு பாட்டி, "எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். பிறகு இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல். இங்கே ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பாறை சுட ஆரம்பித்தால் மேலே ஏற முடியாது. மேலே ஏழடிப்பட்டம் என்கிற குகை. 2,000 ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள், தலையணை மாதிரியே செதுக்கியது, 17 இருக்கின்றன. கீழே குடைவரைக் கோயிலின் கூரையில் தாமரைக் குளம் ஓவியம், சுமார் 9-ஆம் நூற்றாண்டில் வரைந்தது. மீன், யானை, மாடு, பூப்பறிக்கும் முனிவர்கள். நிறைய அழிந்துவிட்டது. இருப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நம் ஊக்குநர் அக்கா, "நம்ம குளத்துலயும் நான் வாக்கப்பட்டு வந்தப்ப இப்படித்தான் தாமரை கெடந்துச்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மதியம் புதுக்கோட்டை. 12 மணியிலிருந்து 3 மணி வரை எங்கேயும் அலைவதில்லை என்று முன்பே முடிவு. கோயில்களும் அந்த நேரம் மூடியிருக்கும். திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம் பார்த்தோம், மர நிழலில் சாப்பிட்டோம், படுத்தோம்.

அங்கேதான் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொன்னோம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அங்கே மன்னர் கல்லூரியில் ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகச் சேர்ந்து படித்தார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதும் அவர் முயற்சியால்தான்.

நாங்கள் சொல்லி முடித்ததும் ஒரு அக்கா பேச ஆரம்பித்தார். புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்து நம் ஊருக்கு வாக்கப்பட்டவர். 1991-க்குப் பிறகு அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துப் படிப்போடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். பல ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்ததும் அந்த மாவட்டத்தில்தான். நம் அக்கா அப்போது சின்னப் பெண். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்து முட்டியைப் பேத்துக்கொண்டு கற்றிருக்கிறார். "கல்யாணமாகி வந்தப்புறம் தொடல. தொட்டா என்னா சொல்லுவாங்களோன்னு" என்றார். இத்தனை வருஷம் ஒரே குழுவில் இருக்கிறோம், இது எங்களில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் கானாடுகாத்தானில் அவர் சைக்கிள் ஓட்டினார். அந்த ஊர்த் தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக, அகலமாக இருக்கும். பகலில் ஆள் நடமாட்டமே இருக்காது. டீக்கடைப் பையனின் சைக்கிள். முதலில் தள்ளாடியது. பிறகு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்சம் முன்னால் ஓடிவிட்டோம். முதல் நாள் மாலை திருமயம். கோட்டை 1687-இல் சேதுபதி மன்னர் காலத்தில் கட்டியது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். மாலையில் கோட்டையை மூடிவிடுவார்கள், 3.30-க்கே போய்விடுங்கள். இரவு காரைக்குடி. மறுநாள் காலை பிள்ளையார்பட்டி, அங்கிருந்து ஆத்தங்குடி. தரைக்குப் போடும் பூக்கல் தயாராகும் பட்டறையைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை எடுத்தால் கல் பளபளவென்று இருக்கிறது. நம் பெண்கள் கல்லைப் பார்த்ததைவிட, கூலி கல்லுக்கா நாளுக்கா என்று விசாரித்ததுதான் அதிகம். பிறகு ஒரு செட்டிநாட்டு வீடு. பர்மா தேக்குத் தூண், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வழிகாட்டி பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு அக்கா குறுக்கே, "இம்புட்டையும் கூட்டித் தொடச்சது யாருங்க?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

இனி சங்கடமான விஷயங்கள். போன இரண்டு குழுக்களில் ஒன்று ஊர்க் குழு, மற்றது காலனிக் குழு. கூட்டத்தில் சேர்ந்து உட்காருவோம். இரண்டு நாள் சேர்ந்து சாப்பிடுவது வேறு. அதனால் வேனில் உட்காரச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கட்டுச்சோறு எல்லார் வீட்டிலிருந்தும் வந்தது. மொத்தத்தையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறிப் பரிமாறினோம். முதல் நாள் மதியம் இரண்டு பேர் பசியில்லை என்று மோர் மட்டும் குடித்தார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒருவர் சாப்பிட்டார். இன்னொருவர் கடைசி வரை வாழைப்பழம்தான். நடந்ததை மறைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

கழிப்பறை. எந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்குகளில் நிறுத்திக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வந்த ஒருவருக்கு மயக்கம் வந்துவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொடுத்ததில் தெளிந்தார். மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போடுவது இன்னொன்று. டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். கோயிலுக்குள் போக மனமில்லாவிட்டால் வெளியே இருங்கள், கோட்டையும் ஓவியமும் பட்டறையும் இருக்கின்றன. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். 108-ம் 181-ம் எல்லார் போனிலும் பதிந்திருக்கட்டும்.

வீட்டு வேலை. "மாட்டை யார் பாத்துக்குவா?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. போகாத உறுப்பினர்கள் முறை வைத்து, யார் வீட்டில் பால் கறப்பது, யார் வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுவது என்று எழுதிக்கொண்டோம். இந்த வருஷம் போகிறவர்கள் அவர்கள். மாட்டைப் பார்ப்பது போன வருஷம் போனவர்கள்.

இனி எங்கள் தவறு ஒன்று. 18 பேர் என்று சொன்னோம். போனது 17 பேர். புறப்பட்ட அன்று விடிகாலை ஒரு அக்கா வரவில்லை. போன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் காத்திருந்து கிளம்பினோம், அவர் சீட் காலியாகவே வந்தது. 20 வாரமும் தவறாமல் கட்டியவர். வீடு வீடாகப் போய்ப் பேசினோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் வீட்டில் மாமியாரிடம்தான் பேசியிருந்தோம். கணவர் திருப்பூரில் வேலை. அந்த வாரம்தான் ஊருக்கு வந்திருக்கிறார். அவருக்கு முதல் நாள் ராத்திரிதான் தெரிந்திருக்கிறது. "ஊர் சுத்தவா காசு சேத்த?" என்று பெரிய சண்டை. வெளியூரில் இருந்தாலும் போனிலாவது பேசியிருக்க வேண்டும், எங்களுக்குத் தோன்றவில்லை. வேன் வாடகை கொடுத்தாகிவிட்டதால் அவர் பங்கில் சாப்பாடு, தங்கல் கணக்காக 400 ரூபாய்தான் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அதை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இப்போது வந்திருக்கும் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இந்தமுறை வீட்டுக்குப் பேசப் போகும்போது அவரையே கேட்டு, அவர் சொல்கிற நாளில், அவர் கணவர் இருக்கும்போது போவோம். அவர் சார்பில் ஒரு கோரிக்கையும் வந்திருக்கிறது: போன வருஷம் கட்டியதில் வேனுக்குப் போன பங்கை இந்த வருஷத்தில் கழித்துக்கொள்ள முடியுமா என்று. கழித்தால் அந்தத் தொகையை மற்ற 17 பேரும் பகிர்ந்து ஏற்க வேண்டும், ஆளுக்கு 43 ரூபாய் போல வரும். இதை நாங்கள் முடிவு செய்ய முடியாது. பிரதிநிதிகள் இன்றைக்கே பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முதல் வசூல் அடுத்த புதன்கிழமை.