ஒரு பெயரும் பல எண்களும்

கிரிக்கெட்டில் பழகிய நேயர்களுக்கு அமெரிக்கரின் பேஸ்பால் முற்றும் அயலானதன்று. அங்கும் மட்டையும் பந்தும் உண்டு. வீரரின் திறமையை எண்களால் அளந்து போற்றும் வழக்கமும் உண்டு. அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொணர்ந்த பழைய வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

சியாட்டில் நகரின் மாரினர்ஸ் அணியில் கென் கிரிஃபி ஜூனியர் என்னும் இளம் வீரர் பெரும்புகழ் பெற்று விளங்கினார். அவ்வணி வேற்றூருக்குப் பெயரக்கூடும் என்று நகரத்தார் அஞ்சியிருந்த வேளையில், 1992-ஆம் ஆண்டு, ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைவர் ஹிரோஷி யமௌச்சி பெருமுதல் இட்டார்; அணி சியாட்டிலிலேயே நிலைத்தது. 1994-இல் கிரிஃபியின் பெயர் தாங்கிய விளையாட்டை நிண்டெண்டோ தன் சூப்பர் நிண்டெண்டோ கருவிக்கென வெளியிட்டது.

அதில் ஒரு விந்தை உண்டு. அணிகளின் பெயரையும் சின்னத்தையும் வழங்க மேஜர் லீக் அமைப்பு உரிமம் தந்திருந்தது. ஆனால் ஆட்டக்காரர் பெயர்களுக்குக் கூட்டாக உரிமம் தருவது அவர்களுடைய சங்கம். அவ்வுரிமம் இவ்விளையாட்டிற்கு இல்லை. ஆதலால் கிரிஃபி ஒருவரே தம் சொந்தப் பெயருடன் தோன்றினார். ஏனையோர்க்கெல்லாம் கற்பனைப் பெயர்கள். எனினும் அவர்களுடைய ஆட்டக் கணக்குகள் மெய்யான வீரர்களையே நினைவூட்டின. பெயர்களை மாற்றி எழுதிச் சேமிக்கும் வசதியும் இருந்தது. எண்களைக் கொண்டே ஆளை அறிந்து, உரிய பெயரை எழுத்தெழுத்தாகப் பொறிப்பது ஆடுவோர்க்குத் தனி இன்பமாயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டு 12-இல், ஊதியத்திற்கு உச்சவரம்பு விதிக்க முயன்ற அணி உரிமையாளரை எதிர்த்து ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. கிரிஃபி அப்போது 40 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். அந்த எண் அத்துடன் நின்றது. 1904-க்குப் பின் முதன்முறையாக உலகத் தொடர் நடைபெறாது போயிற்று. திரையில் மறைந்த பெயர்களும் திடலில் நின்ற ஆட்டமும் நேர்த்தொடர்பு உடையவை அல்ல. ஆயினும் இரண்டும் எழுப்பிய வினா ஒன்றே: ஆட்டத்தால் விளையும் பயனில் ஆடுபவனுக்கு உரிய பங்கு யாது?

அணியும் திடலும் முதலாளியுடையவை ஆகலாம்; வீரனுடைய பெயர் அவனுடையது. அதை விற்கவேண்டின் அவன் இசைவு வேண்டும். 2016-இல் கிரிஃபி புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் பெயரால் அமைந்த அச்சிறு விளையாட்டோ, பெயரிழந்து நின்ற தோழர்களின் உரிமையையும் நமக்குச் சொல்லாமற் சொல்கிறது.