பை காவல் இல்லாத ஒரு நாள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



இந்தக் கூட்டத்தில் எப்பவும் கணக்கு வழக்கு, கடன் தவணை பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு நாங்க கடல் பார்த்த கதையைச் சொல்ல வந்திருக்கோம்.

எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். ராமேஸ்வரத்துக்கு நாலு தடவை போனவர். "கடல் எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டோம். "எங்கே பார்த்தேன்? தீர்த்தத்தில் முங்கி எழுந்தேன். மத்த நேரமெல்லாம் பை காவல், பிள்ளை காவல்தான்" என்றார். நம்ம எல்லார் கதையும் அதுதானே!

அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினோம். குழுச் சேமிப்பில் கை வைக்கவில்லை. தனி உண்டியல் வைத்து, ஆளுக்கு மாதம் 50 ரூபாய், 14 மாதம் போட்டோம். "கடலைப் பார்க்க காசு செலவா?" என்று வீட்டில் கேட்டவர்களும் உண்டு. எங்க உழைப்புக் காசு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

முதலில் பாம்பன். 1988-ல் திறந்த சாலைப் பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். வண்டியில் போனால் சில நிமிஷத்தில் முடிஞ்சு போகும். நடுப்பாலத்தில் நிறுத்தினால் நெரிசல். அதனால் முன்னாடியே இறங்கி, ஓரத்து நடைபாதையில் நடந்தோம். கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், அதில் படகுகள். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே மேலே உயரும்.

விமானத்திலிருந்து பார்க்க நமக்கு வசதி இல்லை. ஆனால் ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம்தான் தீவிலேயே உயரமான இடம். அங்கே ஏறி நின்றால் கோபுரமும் ஊரும் சுற்றிலும் கடலும் ஒரே பார்வையில் தெரியுது.

கடைசியாக தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊரும், ரயிலோடு அதில் வந்தவர்களும் போன இடம். இடிந்த தேவாலயச் சுவரைப் பார்த்து யாருக்கும் பேச்சே வரலை. அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச்சாலை வந்துவிட்டது. அங்கே ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடல். ஈர மணலில் வெகுதூரம் நடந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை: முனையில் நீரோட்டம் பலம், குளிக்க இறங்காதீங்க. குடிதண்ணீர் எடுத்துப் போங்க, பிளாஸ்டிக்கை அங்கே போடாதீங்க. மாலைக்குள் திரும்பிடுங்க. அங்குள்ள பெண்களின் கடையில் ஏதாவது வாங்குங்க.

பை காவலுக்கு என்ன செய்தோம்? குழுவில் சுழல் முறை நமக்குப் புதுசா? ஆளுக்கு அரை மணி நேரம். அந்தப் பட்டியலில் அக்கா பெயரை மட்டும் எழுதவில்லை. ரெண்டு கடலுக்கும் நடுவில் அவர் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் நான் முதல் தடவை ராமேஸ்வரம் வந்தது" என்றார்.

உங்கள் குழுவிலும் ஒரு உண்டியல் வையுங்கள்.