படுத்திருப்போரைப் புரட்டிவிடும் கடமை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஜுமுஆ நாளில் நாம் ஓதிவரும் சூரா அல்கஹ்ஃபில் குகைவாசிகளின் வரலாறு வருகிறது. நெடுங்காலம் உறங்கிய அவர்கள் வலப்புறமும் இடப்புறமுமாகப் புரட்டப்பட்டதை அதன் 18ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. புரட்டப்படாதிருந்தால் மண் அவர்களுடைய உடலை அரித்திருக்கும் என்ற கருத்து இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கமாகத் தஃப்ஸீர் நூல்களில் காணப்படுகிறது. படுக்கைப்புண் வராமல் காப்பதற்கு இன்றைய மருத்துவம் சொல்லும் அடிப்படையும் இதுவே.

படுக்கைப்புண் எவ்வாறு உண்டாகிறது? பூம்புகார்ப் பகுதி காவிரியின் கடைமடை. மேலே வாய்க்கால் அடைபட்டால் இங்கே பயிர் கருகும் என்பதை நாம் நன்கறிவோம். உடலின் நிலையும் அதுதான். அசையாமல் படுத்திருப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சதை நசுங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்தம் எட்டாத சதை மடிகிறது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. சிறுநீர், வியர்வை ஆகியவற்றின் ஈரமும், படுக்கையில் இழுத்து நகர்த்தும்போது ஏற்படும் உராய்வும் தோலை மேலும் நலிவடையச் செய்கின்றன. கவனியாது விட்டால் புண் எலும்பு வரை இறங்கும். கிருமி இரத்தத்தில் கலந்து உயிரையும் பறிக்கும்.

1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டச் செய்தார். பிழைக்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பலர் அதனால் உயிர் தப்பினர்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை எளியவையே. இடப்புறம், மல்லாந்த நிலை, வலப்புறம் என இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். அடர்த்தியான நல்ல மெத்தை இருந்தால் சிலருக்கு மருத்துவர் இந்த இடைவெளியை நீட்டித்துத் தரலாம். முழுதும் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் செய்ய வேண்டும். இழுக்காமல், அடியில் மடித்து விரித்த துணியை இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ரெக்ஸின் விரிப்பின்மேல் நேரடியாகக் கிடத்தாமல் பருத்தித் துணி விரிக்க வேண்டும். நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவு குறையக்கூடாது. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மருத்துவரின் சொற்படி கொடுக்க வேண்டும்.

நாள்தோறும் ஒருமுறை முதுகையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளிறாமல் அப்படியே இருப்பது முதல் எச்சரிக்கை. கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. அங்கே சூடு, கடினம், நிறமாற்றம், வலி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தின்மேல் உட்காரவைப்பதும் தீங்கையே செய்யும். காற்று மெத்தை வாங்கிவிட்டால் புரட்ட வேண்டியதில்லை என்று எண்ணுவதும் தவறு.

முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்திருப்போரும் இதையே கேட்க வேண்டும். இரவில் எத்தனை பணியாளர்? புரட்டிய நேரத்தைக் குறித்து வைக்கிறார்களா? அயல்நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகள் "தாயார் சாப்பிட்டார்களா?" என்று கேட்கிறார்கள், "முதுகைப் பார்த்தீர்களா?" என்று கேட்பவர் அரிது.

பெருமக்களே! இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சுமை முழுவதும் ஒரே மருமகளின் அல்லது மகளின் தலைமேல் விழுகிறது. தூக்கமில்லாத ஒருவரால் இது இயலாது. ஆகவே படுக்கைப்புண் கண்ட வீட்டைக் குறைகூறுவது நீதியன்று. அந்த வீட்டிற்கு ஆள் கொடுக்காத நமக்கும் அதில் பங்குண்டு.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 1990களின் இறுதியில் தொடங்கிய அண்டைவீட்டார் கூட்டமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களையும் சிறு நன்கொடைகளையும் கொண்டே வீடுதோறும் சென்று படுத்த நோயாளிகளைப் பேணியது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வலிநிவாரணப் பராமரிப்பையும் இயன்முறை மருத்துவத்தையும் இல்லத்திற்கே கொண்டுவந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி இவ்வுதவி பற்றிக் கேட்கலாம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். தெருவாரியாகப் படுத்திருப்போரின் கணக்கை எடுப்போம். ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களுமாக, முறை வைத்துச் செல்லத் தன்னார்வலர்களுக்குச் செவிலியர் மூலம் பயிற்சி அளிப்போம். பைத்துல்மாலிலிருந்து சில மெத்தைகளை வாங்கி, தேவைப்படுவோருக்கு இரவலாகத் தருவோம்.

நம்மைச் சுமந்தவர்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பிவிடும் கைகளாக நம் கைகளை வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.