கண்மாயைக் காத்த கைகள்

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது விருதுநகர்ச் சீமை வானம் பார்த்த பூமி. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். இந்த வறட்சியே நமக்கு ஒரு பிழைப்பையும் தந்தது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஊன்றிய விதை, பின்னர் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது. மருந்து உலரக் காய்ந்த வெயில் நல்லதே. ஆனால் குடிக்கவும் விதைக்கவும் தண்ணீர் வேண்டுமே! அதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் கண்மாய்.

ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழிந்து, அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். ஓர் ஊர் வரத்துக்காலை அடைத்தால் கீழேயுள்ள ஊர்களெல்லாம் காயும். ஆகவே அயலூரை மறந்து எந்த ஊரும் வாழ முடியவில்லை. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் எடுத்தார்கள். அள்ளிய வண்டல் வயலுக்கு உரமாயிற்று. கரையில் நின்ற நாட்டுக் கருவேலின் வேர் மண்ணை இறுக்கிப் பிடித்தது. சுற்றியிருந்த கிணறுகளும் ஊறின. இதுவே குடிமராமத்து.

மடை திறக்க ஊர் ஒருவரை நியமித்தது. அவர்தான் நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, பஞ்சத்தில் யாருக்கு முதலில் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள்.

இது எப்படி நலிந்தது? கம்பெனி ஆட்சியில் கண்மாய் மானியங்கள் குன்றின. 1858இல் சென்னை அரசு, குடிகள் வேலைக்கு வந்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டது. ஊர் தானாகச் செய்துவந்ததைச் சட்டத்தால் செய்விக்க இயலவில்லை. பிற்காலத்தில் சீமைக்கருவேல் கண்மாய்க்குள் காடாயிற்று. மீன் பாசி ஏலப் பணம் கரைக்குத் திரும்பாமல் போயிற்று. பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்லலாகாது; கண்மாய் சோறு போடவில்லை, ஆலை போட்டது. ஆனால் அந்தச் சோற்றுக்காக எத்தனை உயிர்களை வெடிவிபத்தில் இழந்தோம்! 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி விபத்தை நம்மில் யார் மறப்பார்?

பழையதெல்லாம் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. நீர்ப்பாய்ச்சிகளில் பலர், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களே. பிறர் நிலத்துக்குத் தண்ணீரைப் பங்கிட்ட அவர்களுக்குப் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லை. ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமும் இல்லை. பெண்களுக்கும் அங்கே பேச்சில்லை. அந்த அறிவை மீட்போம். அந்த அநீதியை மீட்க வேண்டாம்.

ராஜஸ்தானத்து ஆல்வார் மாவட்டத்தில் 1985 முதல் ஊர்மக்கள் ஜோஹட் எனும் குளங்களை மீண்டும் வெட்டினர். வறண்டுகிடந்த ஆர்வரி ஆறு ஓடிற்று. பொதுச்சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 2009இல் நோபெல் பரிசு பெற்றார். நம் பாட்டன்மார் படிக்காமலே செய்த காரியம் அது.

2017இல் தமிழக அரசும் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. நல்லதே. ஆயினும் எந்திரம் வந்து தூர்வாரிப் போனபின் கரையைப் பார்ப்பவர் யார்? மக்களின் அறிவைப் போற்றுவதென்றால் மேடையில் பொன்னாடை போர்த்துவதன்று. அவர்களுக்கு உரிமையும் கூலியும் கொடுப்பதாகும். ஏலப் பணத்தில் ஒரு பங்கு கண்மாய்க்கே சேரட்டும். நீர்ப்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் கிடைக்கட்டும். கூட்டத்தில் அவரும் நம் தாய்மாரும் சமமாக அமரட்டும்.

நம் பங்கிலும் மடை திறந்த முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கண்மூடினால் அந்தக் கணக்கும் கண்மூடும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன் வரும் ஞாயிறுகளில், ஆலை விடுமுறை நாளில், வீட்டுக்கு ஒருவராக வரத்துக்காலுக்குப் போவோம். சாதி கேளாமல் மண்வெட்டி பிடிப்போம். அந்த முதியவர் முன்னே நடந்து வழிகாட்டட்டும். நாம் பின்னே செல்வோம்.